ஆன்டெனா பிடித்துக்கொண்டு நின்றவன் எழுதுவது

ஆம்பூர்,
12-7-1987

கர்த்தருக்குள் பிரியமான பொன்மலருக்கு, ஐசக் அன்போடு எழுதுவது. இங்கே நானும் நம் மகள் ஜெயசீலியும் ஆண்டவர் கிருபையால் சுகம். மஸ்கட்டில் நீயும் சுகமாயிருக்க ராத்திரி ஜெபத்தில் தவறாமல் கேட்டுக்கொள்கிறோம்.

உன் ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்க்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடட்டுமா என்று எழுதியிருந்தாய். தாராளமாகப் போடு. எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. இருக்கிற குறையெல்லாம் நீ அனுப்பிய டிவியால் வந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ராஜா காலத்துக் காதல் நாடகம் போடுகிறான். முழுக்க உருது. தெருவே நம் வீட்டு ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறது. தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்யும் காசிநாதன்கூட குளித்து, சென்ட் போட்டுக்கொண்டு வருகிறார். போதகர் பிரசங்கத்தைச் சுருக்கிவிட்டார், அவர் வீட்டிலும் டிவி இருக்கிறது. நாடகத்தில் இளவரசன் சாய்ந்தால் அரண்மனைத் தூண் ஆடுகிறது. ராணி போன வாரம் போட்ட முத்துமாலையை இந்த வாரம் தோழி போட்டிருக்கிறாள். இளவரசனுக்கு மீசை ஒரு பக்கம் பசை விட்டு, அவன் அழும்போது அது தனியாக அழுகிறது. சிரிப்பார்கள் என்று பார்த்தால் எல்லாரும் மூக்கைச் சிந்துகிறார்கள். நானும் சிந்தினேன், எனக்கு ஜலதோஷம்.

நமக்குத் தமிழில் சொல்வது பக்கத்து வீட்டு அஃப்ஸர் ஜஹான் அக்கா. அவருக்குச் சிக்கனம் ஜாஸ்தி. இளவரசன் நிலாவைக் காட்டி, நெஞ்சைத் தொட்டு, ரொம்ப நேரம் உருகுவான். "இன்னாக்கா சொல்றான்?" என்றால், "தூக்கம் வரலியாம்" என்று முடித்துவிடுவார்.

இன்றைக்குத்தான் பெரிய பேஜார். இளவரசி கப்பலேறிப் போகிற கட்டம், படம் புள்ளி புள்ளியாய்ப் போய்விட்டது. மாடிக்கு ஓடி ஆன்டெனாவைத் திருப்பினேன். "வந்துச்சுப்பா! அப்படியே புடிச்சுக்கோ!" என்று கீழேயிருந்து ஜெயசீலி கத்தினாள். விட்டால் போய்விடுமே என்று கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். மழை வேறு. அங்கிருந்து பார்த்தால் ரயில் தெரியும், உனக்குத்தான் தெரியுமே. மெட்ராஸ் போகிற வண்டி ஒன்று போனது. கீழே டிவியில் இளவரசன் பேசுகிறான், பேசுகிறான், நிறுத்தவே மாட்டேனென்கிறான். "அக்கா, இன்னா சொல்றான்?" என்று கத்தினேன்.

"போவாதேன்றான் தம்பி! அவ்ளோதான், எறங்கி வா!" என்றார்.

எனக்குக் கோபமாய் வந்தது. அவ்வளவு பட்டு, அவ்வளவு முத்து போட்டுக்கொண்டு இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இத்தனை நேரமா? நானும்தான் மீனம்பாக்கத்தில் நின்றேன். "பாஸ்போர்ட்டைப் பத்திரமா வெச்சுக்கோ" என்று நறுக்கென்று முடித்தேன். நீயும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்ட்டே. அவனுடைய ஆள் என்னடாவென்றால் கப்பலிலிருந்து இறங்கியே வந்துவிட்டாளாம். தெரு முழுக்கக் கைதட்டியது. நான் இறங்கி வருவதற்குள் அடுப்பில் ரசம் தீய்ந்துபோயிருந்தது. மற்றபடி எல்லாம் நன்றாக நடக்கிறது. ஆகவே நீ கவலைப்படாமல் கையெழுத்துப் போடு.

ஜெயசீலி முத்தம் சொல்லச் சொன்னாள். தேவன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் ஐசக்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால், பிழை ஏதும் இருக்கிறதா என்று அஃப்ஸர் ஜஹான் அக்காவிடம் இதை முழுக்கப் படித்துக் காட்டினேன். "இதுக்கு எதுக்கு தம்பி இவ்ளோ நீட்டு? வந்துடுன்னு எழுதேன்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. கையெழுத்துப் போடாதே மலரு. வந்துடு.