குறை இருந்தால் அழைக்கவும்

ஒரு வாரம். அதற்குள் அமீராவைக் கடையை விட்டு அனுப்பிவிடுவது என்று முகம்மது யூசுப் முடிவெடுத்தார்.

ஃபேரர் பார்க்கில் துணிக்கடை. மனைவி கதீஜாவின் வாப்பா மகளுக்குக் கொடுத்தது. முதலாளி நாற்காலியில் உட்காருவது மட்டும் யூசுப். அமீரா கதீஜாவின் தங்கை மகள். வயது இருபத்தெட்டு. ஆட்டிசம் உள்ளவள். போன ஆபீசில், யாரோடும் கலகலப்பாகப் பழகவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷமாக ஈசூன் வீட்டில் இருந்தவளைக் கதீஜாதான் கடையில் சேர்த்தாள். இதுவும் போனால் இனி எங்கும் வேலை கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

“முகத்தைப் பார்த்தே பேசமாட்டா. எப்படி வியாபாரம் பண்ணுவா?” என்றார் யூசுப் கதீஜாவிடம்.

“நீங்க முகத்தைப் பார்த்துப் பேசி என்னத்த வித்தீங்க லா?”

“புகார் வந்தா?”

“யார் மேல புகார் வருதோ, அவங்க வீட்டுல உக்காரட்டும். சரியா?”

“சரி.”

யூசுப்பே அட்டையில் எழுதி ஒட்டினார்: ‘குறை இருந்தால் அழைக்கவும்.’ கீழே கதீஜாவின் நம்பர். அவள் காதாலேயே கேட்கட்டும்.

அமீராவுக்குச் சத்தம் ஆகாது, மினுக்குகிற விளக்கு ஆகாது என்று கதீஜா சொல்லியிருந்தாள். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை யூசுப் இரண்டு ஸ்பீக்கர் வைத்தார். கல்லாவுக்கு மேலே சீரியல் பல்பு. பாட்டு எதிர்க்கடைச் சுவரில் மோதித் திரும்பியது.

அமீரா சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டாள்.

“இந்தச் சத்தம் எல்லாருக்கும்தான் வலிக்கும், பெரியவாப்பா. நான் முதல்ல சொல்றேன், அவ்வளவுதான்.”

யூசுப் இன்னும் கூட்டினார்.

பாசிர் ரிஸ்ஸிலிருந்து வந்த விசாலாட்சி அம்மா ஒரு சேலையைத் தடவிப் பார்த்தார்.

“கடைசி பீஸும்மா. எடுத்துக்குங்க,” என்று கத்தினார் யூசுப்.

“மேல் தட்டுல பதினொண்ணு இருக்கு,” என்றாள் அமீரா, சேலையைப் பார்த்தபடி.

யூசுப்புக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“சாயம் போகுமா?” விசாலாட்சி அம்மா இப்போது அமீராவைத்தான் கேட்டார்.

“போகும். மூணு தடவை தனியா அலசுங்க. அப்புறம் போகாது.”

“நாலு குடும்மா. நாலு மருமகளுக்கும் ஒண்ணு போல இருக்கணும். இல்லேன்னா வீடு ரெண்டாயிடும்.”

யூசுப் அமீராவை ஓரமாக அழைத்தார்.

“உனக்குப் பொய் சொல்லத் தெரியாதா?”

“தெரியும். பிடிக்கல.”

முப்பது வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை.

ஆனால் வந்தவர்களில் சிலர் அட்டையைப் பார்த்து நம்பரை அழுத்தினார்கள். யூசுப் ஓரக்கண்ணால் கவனித்தார். உச்சி குளிர்ந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“புகார் வந்துச்சா?”

“எட்டு.”

“பேச்சு பேச்சுதான், கதீஜா. மாறக்கூடாது.”

“மாறலங்க. பாட்டுச் சத்தம்னு அஞ்சு. கண்ணு கூசுதுன்னு ரெண்டு. கடைசி பீஸ்னு புளுகுறார்னு ஒண்ணு.” கதீஜா கையை நீட்டினாள். “சாவியைக் குடுங்க. நாளையிலேருந்து அமீராதான் திறப்பா.”