இன்ஸ்பெக்டருக்கு ஆறாம் பக்கத்தில் ஆபத்து

இன்ஸ்பெக்டரை ஆறாவது பக்கத்திலேயே தீர்த்துக்கட்டிவிடுவது என்று வசனகர்த்தா முடிவு செய்தார். அதற்கு மேல் ஒரு பக்கம்கூட அந்த ஆள் உயிரோடு இருக்கக் கூடாது.

பன்னிரண்டு வருஷம் பொறுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு அவன் தொலைக்காட்சியில் தலைகாட்டினால் வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். துப்பாக்கியைத் தொடமாட்டான். திருடனை எதிரே உட்காரவைத்து, சர்க்கரை போடாத டீயை ஒரு வாய் உறிஞ்சி, "ம், சொல்லுங்க" என்பான். திருடன் பால்குடி காலத்திலிருந்து ஒப்பித்துவிடுவான்.

"எவ்வளவு பொறுமையா கேக்கறார் பாருங்க," என்பாள் மனைவி, கன்னத்தில் கைவைத்து.

"நானும்தான் கேக்கறேன்."

"நீங்க எங்க கேக்கறீங்க? தூங்கறீங்க. அதுவும் வாயைத் திறந்துக்கிட்டு."

தொடர் முடிந்தும் நிம்மதி இல்லை. இப்போது மத்தியானம் மறு ஒளிபரப்பு. வீட்டு டீயிலிருந்து சர்க்கரை விடைபெற்று வெகு காலமாயிற்று.

இந்த நேரத்தில்தான் தயாரிப்பாளர் கூப்பிட்டு, அந்தத் தொடரையே அதிரடிப் படமாக எடுக்கப்போவதாகச் சொன்னார். "கார் பறக்கணும், கட்டடம் இடியணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

மத்ததெல்லாம் உங்க இஷ்டம்! வசனகர்த்தா வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார்.

பத்தே நாளில் எழுதிவிட்டார். முதலில் இன்ஸ்பெக்டருக்கு வழுக்கை விழவைத்தார். தொப்பை வைத்தார். ஆறாம் பக்கத்தில் லாரியை ஏற்றினார். பிழைத்துத் தொலைப்பானோ என்று ஆம்புலன்சிலும் குண்டு வைத்தார். மிச்சப் படம் முழுக்க வேறொரு இளைஞன் ஓடினான், குதித்தான், சுட்டான்.

ஒரே ஒரு சிக்கல். அவருடைய கையெழுத்து எறும்பு மையில் விழுந்து எழுந்து ஓடியது போலிருக்கும். உலகத்திலேயே அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் மனைவி. பதினெட்டு வருஷமாக அவள்தான் நல்லபடி எழுதித் தருவாள். இந்தக் கொலையை அவளிடம் கொடுக்க முடியுமா?

"இந்தத் தடவை டைப்பிங் கடையில குடுத்துடறேன்."

"ஏன், என் கைக்கு என்ன வந்துச்சு?"

"உனக்கு எதுக்குச் சிரமம்னுதான்."

"அடேங்கப்பா," என்றாள். அதோடு விட்டுவிட்டாள். அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

கடைக்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "அடிச்சதும் வீட்டுக்கு அனுப்பாதீங்க. நேரா தயாரிப்பாளருக்கு அனுப்பிடுங்க." மனைவியின் கைபேசி எண்ணை மட்டும் பழக்கதோஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, நிம்மதியாக வந்து மத்தியானத் தூக்கம் போட்டார். ஒரு வாரம் போட்டார்.

எட்டாம் நாள் தயாரிப்பாளரின் குரல் காதைப் பிளந்தது.

"பின்னிட்டீங்க சார்! லாரி ஏறிச்சு, ஆள் அவ்ளோதான்னு நான் அழுதே போயிட்டேன். இடைவேளைல பாத்தா, புகைக்குள்ளருந்து டீ கிளாசோட வர்றார் பாருங்க!"

"யாரு?"

"யாரா? நம்ம இன்ஸ்பெக்டர்தான்! அப்புறம் அந்த வில்லன். மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு, பொறாமைல வெந்துக்கிட்டு, மத்தியானம் வாயைத் திறந்துக்கிட்டு தூங்கறான். யாரைப் பாத்து சார் எழுதினீங்க?"

வசனகர்த்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கற்பனைதான்..."

"பிரமாதம்! சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் பழைய நடிகரையே உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன். அவருக்குக் கதை சொல்லணும். நீங்க சொல்ற விதத்துலதான் அவர் ஒத்துக்கறதே இருக்கு."

சமையலறையில் மனைவி புதுக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ... அந்தக் கடைக்காரர்..."

"பாவங்க அவர். உங்க எழுத்துல ஒரு வரிகூடப் புரியலையாம். நீங்க தூங்கினப்போல்லாம் ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து அனுப்புவார். நான் போன்ல படிச்சுச் சொன்னேன்."

"எழுதியிருந்ததையா படிச்சே?"

"அங்கங்க எழுத்து தெளிவா இல்லைங்க. நானா பாத்துச் சேத்துக்கிட்டேன்."

"நான் அவனைக் கொன்னிருந்தேனேடி!"

"அதான் தெளிவா இல்லை."

மணி மூன்றே முக்கால். வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். அவர் எட்டிப் பார்த்தார். வழுக்கையும் இல்லை, தொப்பையும் இல்லை. அவன் அப்படியே இருந்தான். இல்லை, இன்னும் கொஞ்சம் எடுப்பாக இருந்தான்.

"இப்ப நான் என்ன கதையைச் சொல்றது? எனக்கு என் கதையே தெரியாதே!"

அவள் கூந்தலை ஒதுக்கிக்கொண்டு கூடத்தைப் பார்த்து நடந்தாள்.

"கதை எனக்குத்தான் தெரியும், நானே சொல்லிக்கறேன். நீங்க டீயைக் கொண்டாங்க. அவருக்கும் எனக்கும் சர்க்கரை வேணாம்."