சாக்ஸுக்கு வந்த முழங்கை வலி

"கோச், பிரதர் ரூஃபஸுக்கு ஒரு சோதனை வைக்கணும்."

உடை மாற்றும் அறையில் எல்லாத் தலைகளும் டெலியா பக்கம் திரும்பின.

ஆட்டப் பருவம் தொடங்கிய முதல் நாளே கோச் மெக்கால் சொல்லியிருந்தார்: "இந்தா பொண்ணு, ஸ்கோர் எழுதுறது உன் வேலை. யாரை வேணா என்ன வேணா கேளு. பிரதர் ரூஃபஸை மட்டும் ஒண்ணும் கேக்காதே." டெலியா ப்ரூயிட் கேட்டுவிட்டாள். கோழிக்கறி ஆலையில் வேலை செய்யும் அம்மாவின் மகள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். பெரியவர்கள் முன்னால் வாயை மூடிக்கொள்ளும் பாடத்தை மட்டும் அவள் இன்னும் படித்துத் தேறவில்லை.

அமெரிக்காவின் தெற்கு ஜார்ஜியாவில் டோகா க்ரீக் கல்லூரியின் பேஸ்பால் அணி பிப்ரவரியிலிருந்து தோற்கவே இல்லை. எத்தனை வெற்றி என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் ராசி கலைந்துவிடுமாம். பதினான்கு. சொல்லியாயிற்று, கூரை இடிந்து விழவில்லை. முதல் வெற்றியிலிருந்து யாரும் சாக்ஸ் துவைக்கவில்லை. பதினான்கு வெற்றியின் மணம் அந்த அறையில் நின்றது. எதிரணி உள்ளே வந்திருந்தால் ஆடாமலே தோற்றிருக்கும்.

இத்தனைக்கும் காரணம் ரூஃபஸ் லெட்பெட்டர் என்றது ஊர். போன வருஷம் வரை பழைய படகு விற்றவர். இப்போது தூண்டில் நரம்பில் ஓர் இரும்பு மோதிரத்தைக் கட்டி, பந்தெறிபவனின் முழங்கைக்கு மேலே தொங்கவிடுவார். வட்டமாகச் சுற்றினால் கை சுத்தம். குறுக்கே ஆடினால் உள்ளே வலி. மருந்துக்கடைக்காரர் தன் முழங்கால் மூட்டைக் காட்டினார். வங்கி மேலாளர் தன் நாயின் இடுப்பைக் காட்டினார். மைதான வாசலில் அவித்த வேர்க்கடலைக்குப் பேரம் பேசிய ஜனங்கள், பக்கத்திலேயே குட்டி மோதிரத்தை இருபது டாலருக்கு மறுபேச்சில்லாமல் வாங்கினார்கள்.

உண்மைக் காரணம் டெலியாவின் ஸ்கோர் புத்தகத்தில் இருந்தது. வந்து தோற்ற அணிகளெல்லாம் மிச்சிகன், ஓஹாயோ பக்கம். அங்கே இன்னும் பனி உருகவில்லை. அந்தப் பிள்ளைகள் கூரைக்கடியில் பயிற்சி எடுத்துவிட்டு, இந்த வருஷப் புல்லையே இங்கே வந்துதான் பார்த்தார்கள்.

அதோடு போயிருந்தால் அவளும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் கோல்ட்டன் ஹெய்ன்ஸ் இருந்தானே. அணியின் முதன்மைப் பந்தெறிபவன். இரண்டு விரல்கள் மரத்துப்போய், இன்று காலை காப்பிக் கோப்பையைக் கீழே போட்டான். மோதிரம் "சுத்தம்" என்றது. நாளைக்கும் அவன்தான் எறிய வேண்டும். முழங்கைத் தசைநார் அறுந்தால் அத்தோடு அவன் ஆட்டம் முடிந்தது.

"என்ன சோதனை?" என்றார் ரூஃபஸ், தாராளமாகச் சிரித்து. ஆதரவாளர்கள் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே மாதிரி நீலச் சட்டைக் கை மூணு. திரைக்குக் கீழே முழங்கை மட்டும் தெரியும். வலிக்கிற கை எதுன்னு மோதிரம் சொல்லட்டும்."

"மோதிரத்துக்குத் திரை எல்லாம் ஒரு பொருட்டா, கண்ணு? கட்டு!"

டெலியா ஒரு படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டினாள். பின்னால் போய் ஆள்களை உட்கார வைத்தாள்.

முதல் கைக்கு மேலே மோதிரம் கம்பீரமாகச் சுற்றியது. "இரும்புக் கை! ஒன்பது இன்னிங்ஸும் தாங்கும்."

இரண்டாவது. "பச்சைக் குழந்தை கை மாதிரி சுத்தம்."

மூன்றாவது. மோதிரம் குறுக்கே வெறிபிடித்து ஆடியது. ரூஃபஸ் கண்களை மூடிக்கொண்டார். "ஐயோ... என்னா வேதனை! என் எலும்பு வரைக்கும் தெரியுது. தம்பி, பயப்படாதே. உனக்காக நான் ஜெபம் பண்றேன்."

டெலியா விரிப்பை இழுத்தாள்.

முதல் கை, பேருந்து ஓட்டும் ஓடெல் கிழவருடையது. "ஒன்பது இன்னிங்ஸா? அட போப்பா, இந்தக் கையால என்னால தலையே சீவ முடியல!"

இரண்டாவது, கோல்ட்டன். மரத்த விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தான்.

மூன்றாவதில் ஆளே இல்லை. சட்டைக் கைக்குள் பதினான்கு வெற்றியின் சாக்ஸ் அடைத்திருந்தது.

"அதுக்குப் போய் ஜெபமா, பிரதர்?" என்றான் ஒருவன். "துவைச்சா போதுமே!" அறை குலுங்கிச் சிரித்தது.

"திரைத்துணி வலியோட அலையைத் தடுத்துடுச்சு" என்றார் ரூஃபஸ், மோதிரத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு. மருந்துக்கடைக்காரர் தலையாட்டினார். ஆமாம், தலையாட்டினார். மருந்து விற்கும் மனிதர்!

கோச் டெலியாவை ஓரமாக அழைத்தார். "அந்த ஆளு புளுகன்தான், ஒத்துக்கறேன். ஆனா ஜெயிக்கிற நேரத்துல எதையும் மாத்தக் கூடாது. நாளைக்கு கோல்ட்டன்தான் எறியறான்."

டெலியா ஸ்கோர் புத்தகத்தையும் பென்சிலையும் அவர் கையில் வைத்தாள்.

"இனிமே ஸ்கோரையும் மோதிரத்தையே எழுதச் சொல்லுங்க, கோச்."

கோல்ட்டன் பக்கம் திரும்பினாள். "வண்டி வெளியே நிக்குது. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். கை உன்னோடது, முடிவும் உன்னோடது."

கதவருகே நின்று, குட்டி மோதிரங்கள் தொங்கும் இருபது கழுத்துகளையும் ஒரு முறை பார்த்தாள்.

"கழுத்துக்கு மேல ஒண்ணு வெச்சிருக்கீங்களே, அது தொப்பி மாட்டுறதுக்கு மட்டும் இல்ல!"

சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். பின்னால், ஆட்டக்காரர்கள் போடும் ஆணிக் காலணி ஒரு ஜோடி சிமெண்டுத் தரையில் தடதடவென்று ஓடி வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, சாவியை எடுத்தாள்.