விளக்குக்கு வந்த வரலாறு

அன்பும் மரியாதையும் கலந்து அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இங்கே நான், உன் தம்பி மனைவி, அவளுடைய முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் மாமாவும் மாமாவின் இருமலும் எப்படி?

துறைமுகத்துக் கலங்கரை விளக்கத்தை, நான் ஓய்வு பெறும்வரை கட்டிக் காத்தேனே, அதை இடித்துவிட்டு லாரி நிறுத்த இடம் பண்ணப் போகிறார்களாம். பதறிப்போய் துறைமுக அதிகாரியிடம் ஓடினேன். "வரலாறு ஏதாவது இருந்தா எழுதிக் கொடுங்க பெரியவரே, இடிக்க மாட்டோம்" என்றார். அதற்குள்ளேயே பாதி ஆயுசைக் கழித்தவனுக்கு வரலாறு தெரியாமலா போகும் என்று பேனாவைத் திறந்தால், அக்கா, ஒரு வரி வரவில்லை. புயலில் கப்பல் எதையாவது காப்பாற்றியதா? இல்லை. ராஜா யாராவது வந்தாரா? தபால்காரர்கூட மேலே ஏறியதில்லை. ஐஸ் ஃபாக்டரி முதலாளியைக் கேட்டேன், தன் தாத்தா கட்டியது என்றார். படகு பழுதுபார்க்கும் மேஸ்திரியோ, "அவங்க தாத்தாவா? அதுலேர்ந்து கல்லைப் பேத்துட்டுப் போனவராச்சே!" என்றார். இருவரும் சட்டையைப் பிடித்துக்கொள்ள, விலக்கப் போன என் மூக்குக்கண்ணாடி உடைந்தது. கடைசியில் மீன் ஏலம் விடும் அம்மாதான் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அது விளக்குக்குக் கட்டினதே இல்ல. தண்ணித் தொட்டிக்குக் கட்டினாங்க. தண்ணி மேல ஏறல. வீணாப் போகுதேன்னு எங்கப்பாதான் விளக்க வைக்கச் சொன்னாரு."

கலங்கரை விளக்கக்காரர் என்று ஊரே கூப்பிட, நான் இத்தனை காலமும் ஒரு காலித் தொட்டிக்கா காவல் இருந்தேன்? சாப்பாடு இறங்கவில்லை. உன் தம்பி மனைவிதான், "தொட்டியோ கிட்டியோ, அந்த வெளிச்சத்தைப் பாத்துத்தானே படகெல்லாம் கரைக்கு வந்துச்சு? உள்ளதை உள்ளபடி எழுதுங்க" என்றாள். எழுதினேன். அதிகாரி படித்தார், எழுந்தே நின்றுவிட்டார். "தண்ணித் தொட்டின்னா இது குடிநீர்த் துறையோடது. எங்க ஆளுங்க கை வைக்க முடியாது!" என்று ஃபைலை மூடினார். கோபுரம் பிழைத்தது, அக்கா. நேற்று சாயங்காலம் விளக்கு எரிந்ததும், பைத்தியக்காரன் மாதிரி அதைப் பார்த்துக் கையை ஆட்டினேன்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நிம்மதியாகத் தூங்கி எழுந்த உன் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் கோபுரத்தடியில் ஒரே இரைச்சல். குடிநீர்த் துறையிலிருந்து குழாயும் ஏணியுமாக வந்து இறங்கிவிட்டார்கள். "எங்க தொட்டிக்குள்ள எவன்யா விளக்க வச்சது?" என்று ஆளைத் தேடுகிறார்களாம். மீன் ஏல அம்மா என் வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தை நானே நேரில் கொண்டு வருகிறேன்.