அப்பாவின் தரையும் நாலு பாட்டில் மருந்தும்

விருத்தாசலம்,
புதன்கிழமை

அன்புள்ள ஆன்றோ அண்ணனுக்கு லீமா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி, வை" என்பீர்கள். அதனால்தான் தபால்.

மாடிக் குளியலறைத் தண்ணீர் கீழே அடுப்பங்கரையில் சொட்டியது உண்மைதான். அதற்காக ஞாயிற்றுக்கிழமை வந்து தரையையே பெயர்ப்பேன் என்கிறீர்களே, அது அப்பா பதித்த தரை அண்ணா. பீங்கான் கம்பெனியில் கழித்துப்போட்ட டைல்களை சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். சூளையில் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவுக்குச் சுருங்கியவை. அதனால் இடைச்சந்தும் ஓரிடத்தில் நூலளவு, ஓரிடத்தில் விரலளவு. அகலச் சந்துக்கு மணிமுத்தாறு என்று பேர் வைத்துத் தீக்குச்சி ஓடம் விட்டது நீங்கள்தான்.

சந்துகளைச் சுரண்டி அடைத்தால் போதுமென்று டைல்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார வேல்விழி, "சந்து எத்தினி எம்எம் அக்கா?" என்றாள். "ரெண்டுலேருந்து பன்னெண்டு வரைக்கும்" என்றேன். "அது சந்தாக்கா, வாய்க்காலா?" என்று சிரித்துவிட்டு விளக்கினாள்: ஒடுங்கிய சந்துக்கு மணலில்லாத சிமெண்ட் கலவை, அகலத்துக்கு மணல் சேர்த்தது, டைலைப் பிடித்துக்கொள்ள லேடெக்ஸ் பால், நீர் இறங்காமலிருக்க ஒரு மருந்து, வெயிலில் சட்டென்று இறுகாமலிருக்க இன்னொன்று, கலவையில் தண்ணீரைக் குறைக்க மற்றொன்று. இந்தப் பாட்டில்களில் ஒன்று போதும் என்றாள். அப்பாவின் தரைக்குக் கஞ்சத்தனமா என்று நாலு பாட்டிலையும் வாங்கி, கொத்தனார் பழமலைநாதன் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரே வாளிக் கலவையில் கண்ணளவாக ஊற்றிக் கலக்கிவிட்டேன். நுரைத்துப் பொங்கியது. திரும்பி வந்தவர், "என்னாம்மா, துணி ஊற வச்சிருக்கீங்களா?" என்றார். "நல்லதுக்குத்தாங்க ஊத்துனேன்." "ஒரு மருந்து 'புடி'ங்குது, ஒண்ணு 'இப்ப புடிக்காத'ங்குது. சிமெண்டு பாவம், யாரு பேச்சத்தான் கேக்கும்?" நான் கெஞ்சியதால் அதையே பூசினார். மூன்று நாளாகியும் கூழாகவே கிடந்தது. நான் வழுக்கி உட்கார்ந்ததை விட்டுவிடுவோம். பிறகு எல்லாவற்றையும் வழித்தெடுத்து, லேடெக்ஸை மட்டும் அளந்து சேர்த்து, அகலச் சந்துக்கு மணல் போட்டு மறுபடி பூசினோம். ஒரு வாரம் விட்டு இன்று காலை ஆறு வாளி ஊற்றிப் பார்த்தோம். கீழே ஒரு சொட்டு இல்லை! ஆகவே தரையை விட்டுவிடுங்கள் அண்ணா.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நெற்றியில் என் பேரைச் சொல்லி ஒரு சிலுவை போடுங்கள்.

தங்கை,
லீமா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "முப்பத்தஞ்சு வருசமா அந்தச் சந்துல பல்லு வெளக்குற பிரஷ வச்சித் தேய்ச்சவ நானுடி. ஆசையா போட்ட மனுசங்கிட்ட சொல்ல முடியுமா? பெரிய டைலா, சந்தே தெரியாததா எடுக்கச் சொல்லு அவன" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உங்களோடு கடைக்குப் போக, இப்போதே புடவை எடுத்து வைத்துவிட்டார்கள்.