மஞ்சள் போட்ட விமானம்

சூசைப்பிள்ளை எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் ஓடும் ரப்பர்க் குழாய் உலக்கை மாதிரி விறைத்துக் கிடந்தது.

"அட கர்த்தரே!"

டென்மார்க்கில் ஸ்கீவ என்ற சிற்றூருக்கு வெளியே பொவுலின் மாட்டுக்கொட்டில் அது. மாடு கிடையாது, பொவுல் தன் கையாலேயே கட்டிய குட்டி விமானம்தான் நின்றது. நேற்று அதைத் துடைக்க வந்த சூசைப்பிள்ளை, றேடியேற்றரில் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருக்கக் கண்டு குழாய்த் தண்ணீரை ஒரு குவளை ஊற்றிவிட்டார். மட்டக்களப்பில் லொறி ஓட்டிய கை சும்மா இருக்குமா? இரவு அடித்த உறைபனியை அந்தக் கை எங்கே கண்டது!

விமானம் கிடக்கட்டும். மனைவி மாக்கிரட் அல்லவா ஊரில் காத்திருக்கிறாள்! அகதிகளின் குடும்பங்களைக் கூப்பிடும் விண்ணப்பங்களையெல்லாம் அமைச்சு அமுக்கி வைத்திருந்த காலம். "திங்கட்கிழமை கோபன்ஹேகனுக்கு வந்து உனக்காகக் கதைக்கிறேன்" என்று சொன்ன ஒரே டேனிஷ்காரர் பொவுல். ஒவ்வொரு திங்களும் அடுத்த திங்கள் ஆகிக்கொண்டிருந்தது. இனி அவர் கோபித்தால்?

அறையில் கூட இருக்கும் சின்னமணியை ஓடிப்போய்க் கூட்டிவந்தார்.

"சுடுதண்ணி ஊத்தண்ணை, இளகீடும்."

எஞ்சின் மேலே ஊற்றினார். 'டிக்' என்றது. கொஞ்ச நேரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பும், அதிலிருந்து சொட்டும்.

"சூட்டில எஞ்சின் வெடிக்கும், தெரியும். குளிரிலயும் வெடிக்குமோடா?"

"எனக்கென்ன தெரியும்? நான் மீன்பிடிக்காரன்."

"பிறகென்ன கோதாரிக்கு யோசனை சொன்னனீ?"

ஊரில் றேடியேற்றர் ஒழுகினால் மஞ்சள்தூள் போடுவார்கள். அறைக்கு ஓடிப்போய் எடுத்துவந்து பொதியோடு உள்ளே கொட்டினார். ஒழுக்கு நிற்கவில்லை, மஞ்சளாக ஒழுகியது. துடைத்தார். துடைக்கத் துடைக்க வெள்ளை விமானத்தின் வயிறெல்லாம் பரவியது.

"சொதி மாதிரிக் கிடக்கண்ணை."

"வாயைப் பொத்து!"

அந்த நேரம் பார்த்துப் பொவுல் உள்ளே வந்தார். மஞ்சளைத் தொட்டார், மோந்தார், வெடிப்பைத் தடவினார். தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சூசைப்பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. "போச்சு! மாக்கிரட் அங்கேயே கிடக்கப்போறாள். எல்லாம் என்னால!"

பொவுலின் மனைவி கிர்ஸ்டன் கோப்பியோடு வந்தார். சூசைப்பிள்ளை தெரிந்த டேனிஷில் குழறினார்: "மன்னியுங்கோ. நான்தான் தண்ணி ஊத்தினன். எஞ்சினைக் கொன்றுபோட்டன்."

கிர்ஸ்டன் கொட்டில் கதவை மெல்லச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"நீங்கள் ஊத்தினது ஒரு குவளைதான், குளிருக்கு உறையாமல் இருக்க அவர் விட்டிருந்த பச்சை நிற மருந்துத் தண்ணியைத் திறந்துவிட்டிட்டு மிச்சம் முழுக்கக் குழாய்த் தண்ணி ஊத்தினது நான், இல்லாட்டி இந்தத் திங்களும் அந்த மனிசன் உங்கட பெண்சாதியை மறந்துபோட்டுப் பறக்க வெளிக்கிட்டிருப்பார்!"