டிக்‌ஷனரி போட்ட ரொட்டித் துண்டு

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் சொல்லி ஒரு கல்யாண மண்டபத்தையே குலைநடுங்க வைத்த ஆள் பாண்டிச்சேரியில் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. டிக்‌ஷனரி என்று கேட்டால் முத்தியால்பேட்டையில் நாய்கூட வழி காட்டும்.

என் அப்பாவோடு ஒரே அச்சகத்தில் இருபது வருடம் புரூஃப் பார்த்தவர். எந்த வார்த்தை கண்ணில் பட்டாலும் அதன் பூர்வீகத்தைத் தோண்டாமல் விடமாட்டார். ஒருமுறை பெரிய மார்க்கெட்டில் கொடுவா மீனைக் கையில் பிடித்தபடி, மீன் செதிலுக்கும் தராசுக்கும் இங்கிலீஷில் ஏன் ஒரே பெயர் என்று ஆரம்பித்தார்.

"ரெண்டும் ஸ்கேலுதான். செதிலு, ஓடுங்கற அர்த்தத்துல வந்துச்சு, தராசு, கிண்ணங்கற அர்த்தத்துல வந்துச்சு. ஆனா ரெண்டுக்கும் பாட்டன் ஒருத்தன்தாம்மா!"

மீன்கார அம்மா கத்தியை ஓங்கிவிட்டார். "பாட்டன அப்பறம் பாப்போம், மொதல்ல மீன கீழ வை!"

அப்பா இறந்த மறு வருடம் என் தங்கைக்குக் கல்யாணம். எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் வரவேற்பன்று கேக் வெட்டியதும் பெண்ணின் அப்பா ஒயின் கிளாசைத் தூக்கி நாலு வார்த்தை வாழ்த்துவார். அதற்கு டோஸ்ட் என்று பெயர்.

"நீ பேசுனா அழுதுடுவ. டிக்‌ஷனரி அண்ணன பேசச் சொல்லு," என்றார் அம்மா. பிடித்தது சனி.

மேடையேறியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே கரிக்கட்டையாய்க் கருகிய ரொட்டித் துண்டு. அதைத் தன் ஒயினில் பொளக்கென்று போட்டார். வீடியோக்காரர் கேமராவையே இறக்கிவிட்டார்.

"சுட்ட ரொட்டியும் டோஸ்டு, வாழ்த்தறதும் டோஸ்டு. ஏன்?" என்று மைக்கில் முழங்கினார். "லத்தீன்ல வறுக்கறதுன்னு பொறந்து, பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போச்சு. அந்தக் காலத்துல மட்டமான ஒயின்ல ருசிக்கு ரொட்டியச் சுட்டுப் போடுவான். அப்பறம் யார நெனச்சுக் குடிக்கிறானோ, அவங்களையே டோஸ்டுன்னு சொல்லிட்டான். அவங்க பேரே ருசி குடுக்குதாம்!"

ஒயின் வாங்கியவர் மாப்பிள்ளையின் அப்பா. முகம் சிவக்க எழுந்தார்.

"மட்டமான ஒயினா? பொண்ணு வீட்டுல பேச வேற ஆளே கெடைக்கலியா?"

அவர் கிளாசை டொக்கென்று கீழே வைக்க, அவர்கள் பக்கத்துக் கிளாஸ்கள் அத்தனையும் இறங்கின. தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. தாலி ஏறிய அன்றே சம்பந்தி சண்டை! டிக்‌ஷனரியை நோணாங்குப்பம் படகுத்துறைக்குக் கடத்திப் போய்ப் படகிலிருந்து தள்ளிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

"வேற ஆளு இருந்தான் சார்." டிக்‌ஷனரியின் குரல் இறங்கியது. "இந்தப் பொண்ணோட அப்பன், எங்க அருளு. தெனம் காலைல பிரெஸ்ல டீ போடற அடுப்புல ரொட்டியக் கருக்கித்தான் திம்பான். இன்னிக்கி பேச வேண்டியவன் அவன்தான். அதான், அவன் பதத்துலயே கருக்கிக் கொண்டாந்தேன்."

சம்பந்தி தன் தட்டிலிருந்த ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துத் தன் கிளாசில் போட்டார். அதைத் தூக்கிப் பிடித்து, "அருளு அண்ணனுக்கு," என்றார்.

அதன்பிறகு எல்லோரும் ரொட்டி தேடி ஓடினோம். ஊறிய ரொட்டியோடு ஒயின் வாயில் வைக்க விளங்கவில்லை. நான் இரண்டு கிளாஸ் குடித்தேன். பிறகு டிக்‌ஷனரியைக் கட்டிக்கொண்டேன். அவருடைய சட்டையெல்லாம் கரி. விடவே மனம் வரவில்லை.